அடியின் தலையில் கூடும் குரல்கள்

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கவிதையைப் பல குரல்களுக்கு இசையமைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒருவர் பாட ஊர் கேட்பது நமக்குப் பழக்கம். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதும் பழக்கம். இந்தத் தெருக்களில் மார்கழி விடியலில் நடந்த பஜனை எல்லாம் அந்த வகைதான். நான் சொல்லும் வகை வேறு. ஒரே கவிதையை, ஒரே நேரத்தில், நான்கு குரல்கள் நான்கு மெட்டில் பாடுகின்றன. நான்கும் சேர்ந்து கேட்பவர் காதில் ஒரே பாட்டாக விழுகின்றன. ஆங்கிலேயர் இதைப் பார்ட்சாங் என்கிறார்கள். நம்மிடம் சேர்ந்திசை என்ற நல்ல சொல் இருக்கிறது. எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதும் அந்தச் சொல்லில் அடங்கும். நான் அதன் பல்குரல் வகையை எடுத்துக்கொள்கிறேன்.

இதைத் திருவனந்தபுரத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழர்கள் இன்று உலகில் எங்கே கூடினாலும் சேர்ந்து பாடும் பாட்டு இந்த ஊரில் எழுதப்பட்டது. பெ. சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில், இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியில், தத்துவப் பேராசிரியர். 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். பேரூர்க்கடையில் தாம் குடியிருந்த இடத்துக்குத் தாம் மதித்த பேராசிரியர் ஹார்வியின் பெயரை வைத்து ஹார்விபுரம் என்று அழைத்தவர். 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். அதன் பாயிரத்தில் தமிழ்த் தெய்வத்துக்கு எழுதிய வணக்கம் பஃறாழிசைக் கொச்சகக் கலிப்பா. ஆறே ஆண்டுகளில், 1897-இல், அவர் காலமானார்.  1970-இல் தமிழ்நாடு அரசு அந்தச் செய்யுளைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது எம்.எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில், திசிர நடையில் மெட்டமைத்தார். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த ஆணை, 55 நொடிகளில் பாட வேண்டும் என்று நேரத்தையும் வகுத்தது.

1891-க்கும் 1970-க்கும் இடையே 79 ஆண்டுகள். நல்ல செய்யுள் ஒன்று அரசின் வாழ்த்துப் பாட்டாக அவ்வளவு காலம் காத்திருந்தது. எம்.எஸ்.வி. செய்த தேர்வை ஒரு கணம் பாருங்கள். மோகனத்தில் ஐந்தே சுரங்கள். அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே அரைச் சுர இடைவெளி எங்கும் கிடையாது. பாடப் பழகாத குரல் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பக்கத்துக் குரலோடு உரசாது. பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடும் பாட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான ராகம் கிடைப்பது அரிது. திரைப்படத்துக்கு எத்தனையோ நுணுக்கமான மெட்டுகளைத் தந்த மனிதர், இங்கே மக்கள் குரலை மனத்தில் வைத்து எளிமையைத் தேர்ந்திருக்கிறார். அதை நான் பெரிய இசைமேதைமையாகவே மதிக்கிறேன்.

ஆனாலும் அது ஒரே மெட்டு. கூட்டம் முழுவதும் ஒரே கோட்டில் பாடுகிறது. அரசு வகுத்த அந்தப் பாட்டு அப்படியே இருக்கட்டும். என் கேள்வி நம்மிடம் இருக்கும் மற்ற ஆயிரக்கணக்கான கவிதைகளைப் பற்றியது: அவற்றைப் பல குரலில் பாட என்ன வேண்டும்?

கவிதையைப் பல குரலுக்கு அமைப்பதில் ஆங்கிலேயர் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பல்குரற்பாட்டு பெருகியதற்கு மேதைகள் மட்டும் காரணமல்லர். இரண்டு எளிய ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று மலிவான அச்சு. நொவெல்லோ என்ற பதிப்பகம் 1844 முதல் நடத்திய இசை இதழில் குழுவாகப் பாட ஒரு பாடலும் சேர்ந்தே வந்தது. இரண்டாவது, சுரத்தை எழுத்தாலேயே எழுதும் முறை. சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கியதை ஜான் கர்வென் என்ற பாதிரியார் விரித்துப் பரப்பினார். ஐந்து கோட்டில் புள்ளிவைத்து எழுதும் முறையைப் படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், கடைப் பணியாளர்கள் எல்லோரும் எழுத்தைப் பார்த்தே பாடினார்கள். கர்வென் பாடுபட்டுப் பரப்பிய அந்த முறையின் அடிப்படை நமக்கு எத்தனையோ தலைமுறைகளாக உள்ளது. ச, ரி, க, ம என்று எழுதுவதுதானே நம் வழக்கம்.

அந்தத் தொழிலாளிகள் பாடுவதற்கென்றே பெரிய இசையமைப்பாளர்கள் எழுதினார்கள். 1885-இல் கெண்டல் என்ற சிறு நகரில் மேரி வேக்ஃபீல்டு தொடங்கிய பாட்டுப் போட்டி விழா பல ஊர்களுக்குப் பரவியது. அப்படி வளர்ந்த மோர்கம் விழாவில் 1903-இல் பாடுவதற்காக எல்கர் பல்குரற்பாட்டு ஒன்று எழுதினார். அடுத்து ஸ்டான்போர்டு. 1910-இல் வெளிவந்த அவருடைய ‘நீலப் பறவை’யைச் சிகரம் என்று சொல்லலாம். கவிதை மேரி கோல்ரிட்ஜ் எழுதியது. மிகச் சிறிய கவிதை. ஏரியின் மேல் ஒரு பறவை பறந்து போகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஸ்டான்போர்டு கீழ்க்குரல்களுக்கு அசைவே இல்லாத நீர்ப்பரப்பைப் போன்ற ஒரு நடையைக் கொடுத்தார். உச்சக்குரல் அவற்றோடு சேர்ந்து கவிதையைச் சொல்லிக்கொண்டு போவதில்லை. நிறத்தைக் குறிக்கும் சொல்லை மேலே நின்று தொட்டுத் தொட்டுப் போகிறது. முடிவிலும் ஆதார சுருதிக்கு இறங்காமல் மேலேயே நின்றுவிடுகிறது. பறவையை இசையால் விவரிக்கும் முயற்சியே இல்லை. குரல்களை எங்கே நிறுத்துவது என்ற ஒரே முடிவில் கவிதை முழுவதும் வந்துவிட்டது. கவிதையை இப்படிப் படித்தவர்தான் இப்படி இசையமைக்க முடியும்.

நம் பக்கத்துக் கவிதையும் அவர்கள் கைக்குப் போனது. குஸ்தவ் ஹோல்ஸ்ட் லண்டனில் பெண்கள் பள்ளி ஒன்றின் இசையாசிரியர். ரிக்வேதத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே சமஸ்கிருதம் கற்றார். பாக்களைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கி, 1908 முதல் 1912 வரை நான்கு தொகுதிகளாகக் குழுப்பாடல்கள் எழுதினார். காளிதாசனின் மேகதூதத்தையும் குழுவுக்கு அமைத்தார். செக் நாட்டு யானாசெக் 1921-இல் பிராகு நகரில் தாகூர் பேசியதைக் கேட்டார். மறு ஆண்டே தாகூரின் ஒரு கவிதையை ஆண் குரல்களுக்கு அமைத்தார்.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஹோல்ஸ்ட் செய்தது தனியாகப் பொருள்படும். ஸ்ரீவராகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பத்மநாபசுவாமி கோயில். அங்கே ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம். வேதியர் பலர் கூடி ஓதுகிறார்கள். உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்று அசைக்கு அசை வகுக்கப்பட்ட ஓசை. அந்த ஓதலில் தனிக்குரல் கேட்காது. ஒரே ஓசைப் பாளமாகத்தான் கேட்கும். லண்டனில் புத்தகத்தில் பார்த்த அதே பாக்களை ஹோல்ஸ்ட் பிரித்து, பெண் குரல், ஆண் குரல், மேல், கீழ் என்று பகுத்தார். இங்கே சொல்லின் ஓசை மாறாமல் காக்கப்பட்டது. அங்கே சொல் வேறு மொழிக்கே போய்விட்டது. நான் எதையும் உயர்த்தவோ தாழ்த்தவோ சொல்லவில்லை. சொல்லின் ஓசையும் காக்கப்பட வேண்டும், குரல்களும் பிரிய வேண்டும் என்றால் என்ன செய்வது? அதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு தமிழர் இருந்தார். அவருக்கு இந்த நகரத்தோடு ஆழமான உறவும் இருந்தது.

எம்.பி. சீனிவாசன். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். கேரளத்தில் எம்.பி.எஸ். என்றால் போதும். தமிழ்நாட்டில் அவரை இன்னும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தம். 1925-இல் சித்தூரில் பிறந்தார். மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார். டில்லியில் ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராக இருந்தார். ஜாலியன்வாலா பாக் காலத்துத் தலைவர் சைபுதீன் கிச்லூவின் மகள் ஜாஹிதாவை மணந்தார். 1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ அவருடைய முதல் படம். ஜெயகாந்தன் அதற்குப் பாட்டெழுதினார். ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யில் கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவரும் இவர்தான். திரையுலக இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டி அவர்கள் கூலிக்காகப் போராடியவர். இத்தனையையும் சொல்வது ஏன் என்றால், அவருக்குப் பல்குரல் இசை வெறும் இசைவடிவமாக இருக்கவில்லை. பலர் கூடி, ஒவ்வொருவரும் தன் பங்கைத் தவறாமல் செய்து, ஒன்றைச் சாதிப்பது என்பதே அவருடைய அரசியல்.

மலையாளத்தில் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்றைப் பாருங்கள். ‘கால்பாடுகள்’ என்ற படத்துக்காக 1961 நவம்பரில் சென்னையில் பதிவு. புதிய பாடகர் ஒருவர் வந்தார், பெயர் யேசுதாஸ். பாடியது ஸ்ரீநாராயண குருவின் நான்கடிச் செய்யுள். 1888-இல் அருவிப்புரத்தில் சிவப் பிரதிஷ்டை செய்த குரு, சாதியும் மதப்பகையும் இல்லாத இடம் எது என்று சொல்லும் அந்த வரிகளைப் பாட்டுக்கு என்று எழுதவில்லை. கோயிலில் பொறித்து வைக்கும் வாசகம் அது. அதற்கு ஓசை கொடுத்தவர் எம்.பி.எஸ். அந்தக் குரு தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார் என்பதை இங்கே இருக்கும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தமிழ்ப் பதிகங்களைச் சேர்ந்து பாட மெட்டமைத்தால் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மேடையில் நிற்கலாம்.

பிறகு கவிஞர் ஓ.என்.வி. குறுப்போடு சேர்ந்த காலம். ‘உள்கடல்’, ‘யவனிகா’, ‘சில்லு’. 1982-இல் வந்த ‘சில்லு’வில் ஓ.என்.வி.யின் ‘மோகம்’ கவிதைக்கு அவர் அமைத்த மெட்டை இந்த ஊரில் பாடத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டில் சொல் எப்போதும் முன்னே நிற்கும். மெட்டு அதன் தோளில் கைபோட்டு நடக்கும். அதே காலத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’ படங்களுக்கு அவர்தான் இசை. பாட்டில்லாத படத்துக்கு எவ்வளவு குறைவாக இசை வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். வங்கத்தில் ரூமா குஹா தாகுர்தா 1958-இல் தொடங்கிய கல்கத்தா குழுவும், சலில் சௌதுரியின் பம்பாய்க் குழுவும் அவருக்கு முன்னோடிகள். சலில் சௌதுரியை ‘செம்மீன்’ வழியாக நமக்குத் தெரியும். சென்னைக் குழுவில் பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர், வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள். பாரதியின் கவிதைகளையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் அவர்கள் பல்குரலில் பாடினார்கள். பள்ளி ஆசிரியர்களுக்குச் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வழியாகக் குழந்தைகளிடம் சேர்ப்பதிலும் அவர் ஈடுபட்டார். 1988 மார்ச் 9 அன்று இலட்சத்தீவில் காலமானார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் ஒரு சேர்ந்திசைக் குழு இன்றும் இருக்கிறது. தமிழர் ஒருவரின் பெயரை மலையாளிகள் இப்படிக் காத்து வைத்திருப்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இனி, தமிழ்க் கவிதையைப் பல குரலுக்கு அமைக்கும் ஒருவர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் குழுக்களில் டெனர் குரலில் பாடியதால் தோன்றியவை இவை.

ஆங்கிலக் குழுக்களை நடத்துவோருக்குத் தீராத தலைவலி சொல்லின் கடைசி மெய். நாற்பது பேர் பாடும்போது ‘ஸ்’ என்று முடியும் சொல் ஒன்று வந்தால் நாற்பது சீறல்கள் முன்னும் பின்னுமாக விழும். ‘ட்’ என்று முடிந்தால் கல்லெறிந்த ஓசை. ஒத்திகையில் பாதி நேரம் இதைச் சரிசெய்வதிலேயே போகும். தமிழுக்கு இந்தத் தொல்லை இயல்பிலேயே இல்லை. நன்னூல் நம் சொல்லின் ஈற்றில் வரக்கூடிய எழுத்துகள் 24 என்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினொன்று, குற்றியலுகரம் ஒன்று. அந்தப் பதினொரு மெய்யில் வல்லினம் ஒன்றுகூடக் கிடையாது. மெல்லினமும் இடையினமும்தான். ம், ன், ண் எல்லாம் வாய்மூடி முனகி நீட்டக்கூடிய ஓசைகள். ல், ர், ழ் எல்லாம் வழுக்கி இறங்கும். வல்லினம் வந்தாலும் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டுதான் வரும். கூட்டமாகப் பாடுவதற்கு இவ்வளவு இணக்கமான மொழியை வைத்துக்கொண்டு நாம் இவ்வளவு குறைவாகப் பாடியிருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

அடுத்தது குறிலும் நெடிலும். ஆங்கிலத்தில் அழுத்தம்தான் அளவு. அழுத்தம் விழும் அசை தாளத்தின் வலுவான அடியில் விழுந்தால் போதும், எவ்வளவு நீட்டினாலும் சொல் கெடாது. தமிழில் குறிலை நீட்டினால் ‘படு’ ‘பாடு’ ஆகிவிடும், ‘விடு’ ‘வீடு’ ஆகிவிடும். தனியாகப் பாடுகிறவர் ஒரு சிறு அசைவில் இதைச் சமாளித்துவிடுவார். நான்கு குரல்கள் சேர்ந்து ஒரு குறிலை நான்கு மாத்திரைக்கு இழுத்தால் கேட்பவருக்குச் சொல்லே மாறிவிடும். ஆகவே கார்வை நெடிலில் நிற்க வேண்டும், அல்லது ஒற்றடுத்த அசையில் ஒற்றின் மேல் நிற்க வேண்டும். நம் கிறித்தவத் தேவாலயங்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். அங்கே இரண்டு வகைப் பாட்டு உண்டு: பாமாலை, கீர்த்தனை. பாமாலை பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டுக்கு மொழிபெயர்த்த சொல். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரலில் பாடுவார்கள், குரல்கள் அழகாகச் சேரும். ஆனால் மெட்டின் கனமான இடத்தில் தமிழின் மெலிந்த அசை மாட்டிக்கொள்ளும். கீர்த்தனை, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் தமிழிலேயே பிறப்பித்தது. அதில் அசையும் தாளமும் பிசகாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுவார்கள். பாமாலையின் குரலும் கீர்த்தனையின் சொல்லும் ஒரே பாட்டில் சேர வேண்டும். தென் திருவிதாங்கூரிலும் நெல்லையிலும் தலைமுறை தலைமுறையாக நான்கு குரலில் பாடும் தமிழர்கள் இருக்கிறார்கள். தேவாலயத்துக்கு வெளியே தமிழ்க் கவிதைக்காக அவர்களை யாரும் அழைத்ததில்லை என்பதே குறை.

மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது. ஆங்கிலப் பாட்டின் இயைபு அடியின் முடிவில். ஆகவே ஆங்கிலப் பல்குரற்பாட்டில் குரல்கள் எப்படிப் பிரிந்து போனாலும் அடி முடியும் இடத்தில் வந்து கூடும். அந்தக் கூடலில்தான் காதுக்கு நிறைவு. நம்மவர்கள் மேற்கத்திய முறையைக் கற்றுக்கொண்டு தமிழ்ப் பாட்டுக்கும் அதையே செய்கிறார்கள். தமிழின் ஓசைநயம் அங்கே இல்லையே! எதுகை அடிதோறும் இரண்டாம் எழுத்தில். மோனை முதலெழுத்தில். நம் செய்யுளின் மணி அடியின் தலையில்தான் ஒலிக்கிறது. அடியின் தொடக்கத்தில் நான்கு குரல்களும் நான்கு நேரத்தில் நுழைந்தால் எதுகை காதில் விழாமலே போய்விடும். கவிதையின் எலும்பே முறிந்தது போலத்தான்.

எனவே தமிழில் குரல்கள் அடியின் தலையில் கூட வேண்டும். முதல் சீரை எல்லோரும் ஒன்றாகச் சொல்லட்டும். அதன் பிறகு பிரியலாம். அடியின் கடைசிப் பகுதியில் ஒரு குரல் நீட்டி நிற்கலாம், ஒரு குரல் முந்தைய சொல்லையே திரும்பச் சொல்லலாம், இன்னொன்று வாய்மூடி முனகலாம். அடுத்த அடி தொடங்கும்போது மறுபடி எல்லோரும் ஒரே சொல்லில். நம் கச்சேரி மரபும் இதைத்தான் சொல்கிறது. பல்லவி எங்கே சுற்றினாலும் எடுப்புக்கு வந்து சேரும். நிரவலை எண்ணிப் பாருங்கள். ஒரே வரியை ஒரே எடுப்பில் தொடங்கிப் பல விதமாகப் பாடுகிறோம், ஒன்றன்பின் ஒன்றாக. அந்தப் பல விதங்களில் நான்கை ஒரே நேரத்தில் பாடினால் அதுவே தமிழின் பல்குரற்பாட்டுக்கு வித்து. வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியது மிகக் குறைவு.

ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கமகத்தால் வாழும் ராகங்களை விட்டுவிட வேண்டும். தோடியை நாற்பது பேர் நான்கு பங்காகப் பாட முடியாது, பாடவும் கூடாது. அசைவு குறைந்த ராகங்களே இதற்கு ஏற்றவை. மோகனத்தில் மூன்று சுரம் அடுக்கும் மேற்கத்திய இசைவுகள் இரண்டுதான் கிடைக்கும்: ச-க-ப, த-ச-க. இரண்டை வைத்து நெடுநேரம் போக முடியாது. ஆனால் ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றொரு குரல் சற்றுப் பின்னால் தொடங்கி விரட்டிப் போவதற்கு அதைப் போன்ற ராகம் இல்லை. எந்தச் சுரத்தின் மேல் எந்தச் சுரம் விழுந்தாலும் கடிக்காது. அம்சத்வனியில் நிஷாதம் இருப்பதால் ச-க-ப, ப-நி-ரி, க-ப-நி என்று மூன்று கிடைக்கும். சென்று திரும்பும் உணர்வு அதில் உண்டு. சங்கராபரணத்திலும் அரிகாம்போதியிலும் இன்னும் தாராளம். கும்மி, சிந்து வகைகளின் மெட்டுகளில் பெரும்பாலும் வெட்டவெளிச்சமான சுரங்கள் இருப்பதால் அவை நேராகவே இதற்கு வந்துவிடும். பாரதி சிந்தை விரும்பிக் கையாண்டவர் என்பது நமக்கு எவ்வளவு வசதி!

இளையராஜா 2005-இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடும் பாடகர் குழுவோடும் செய்தது இந்தத் துறையில் பெரிய முயற்சி. அதைத் தனியே ஒரு சொற்பொழிவாகப் பேசலாம். அது பேரிசைக்குழுவை நம்பி நிற்கும் படைப்பு. ஊருக்கு ஊர் இருபது பேர் கூடிப் பக்கவாத்தியம் இல்லாமல் பாடக்கூடிய சிறிய பாட்டுகளே இன்று நான் கேட்பது.

அதற்கு என்ன தடை? பாடக் குரல் இருக்கிறது, கவிதை இருக்கிறது. பாடத்தாள் இல்லை. சங்கீதத்தை அச்சிடுவதில் நமக்குப் பெரிய முன்னோர்கள் இருந்தார்கள். சின்னசாமி முதலியார் 1893-இல் சென்னையில் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறிமுறையில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகர’த்தைத் தஞ்சையிலிருந்து தந்தார். இந்தத் திருவனந்தபுரத்திலேயே 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைப் பள்ளியில் முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் அந்த மகாராஜாவின் சாகித்தியங்கள் பலவற்றுக்கு மெட்டமைத்துப் பரப்பினார்கள். சொல் கையில் இருந்தது, இசையைத் தேடிக் கொடுத்தார்கள். இவ்வளவும் தனிக்குரலுக்கு. பல குரலுக்கான தாள் தமிழில் கடையில் கிடைப்பதில்லை. குழுக்களில் வாய்வழியாகக் கற்கிறார்கள். கற்பித்தவர் போனால் பாட்டும் போகிறது.

ஒரு பக்கத் தாள் போதும். மேலே கவிதையின் ஓர் அடி. கீழே சரிகம எழுத்தில் நான்கு வரிசை, ஒவ்வொரு குரலுக்கும் ஒன்று. தாளக் குறி. அவ்வளவுதான். நம் ஊர்ப் பாட்டு டீச்சர் ஒவ்வொருவருக்கும் அது படிக்கத் தெரியும். பாரதியின் எழுத்துக்கு யாருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை. அரசுடைமையான நூல்கள் வேறு எத்தனையோ இருக்கின்றன. நீலகண்ட சிவனின் பாடல்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவை. அவருடைய பஜனைப் பாட்டுகளைக் கேட்டுத்தான், சிறுவனாக இங்கே வந்த ராமையா பிற்காலத்தில் பாபநாசம் சிவனாக வளர்ந்தார். அந்தப் பாடல்களை நான்கு குரலில் அமைக்கத் திருவனந்தபுரத்துத் தமிழரைவிடத் தகுந்தவர் யார்?

பெண் குரல்கள் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நகரத்து நவராத்திரி மண்டபத்தில் பாறசாலை பொன்னம்மாள் 2006-இல் பாடும்வரை எந்தப் பெண்ணும் பாடியதில்லை. பல்குரற்பாட்டில் மேலிரண்டு குரல்கள் பெண்களுடையவை. அவர்கள் இல்லாமல் பாட்டே இல்லை. இந்தத் தெருப் பெண்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு மாலையை ஒதுக்கி இந்த அறக்கட்டளையை நடத்திவரும் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இந்த மாலையில் சொற்பொழிவு வேண்டாம். அதற்கு ஆகும் செலவில் பாரதியின் மூன்று பாட்டுகளும் நீலகண்ட சிவனின் ஒரு பாட்டும் நான்கு குரலுக்கு அமைத்து, தாளாக அச்சிட்டு, இந்த நகரத்துப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுங்கள். அமைக்கும் வேலையில் என் பங்கைக் கூலி இல்லாமல் செய்கிறேன். பாடுவதற்கு ஆள் வேண்டும். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை, வாரத்தில் ஒரு மாலை வந்தால் போதும். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.